சைட்டில் ஆட்களைச் சேர்ப்பதும் நடத்துவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கோயம்புத்தூர், திருப்பூர் பக்கம் வீடுகளும் மூன்று நான்கு மாடிக் குடியிருப்புகளும் கட்டும் சைட்டுகளில் வேலை பார்க்கிறேன். படிப்பை முடித்து வரும் இளம் பொறியாளர்கள், சொந்தமாக ஒப்பந்தம் எடுக்கத் தொடங்கிய மேஸ்திரிகள், வீடு கட்டும் உரிமையாளர்கள் என்று பலர் சந்தேகம் கேட்கிறார்கள். சிமென்ட்டையும் கம்பியையும் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. ஆட்களைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள், அதுவும் திரும்பத் திரும்ப அதே கேள்விகளை. அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

"டீம் டீம்னு சொல்றீங்க. நம்ம சைட்ல டீம்னா யார் யார் சார்?"

அந்தக் கட்டடத்தில் கை வைக்கிற எல்லோரும்தான். உரிமையாளர், வரைபடம் போடும் ஆர்க்கிடெக்ட், கம்பிக் கணக்குப் போடும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், ஒப்பந்ததாரர், சைட் இன்ஜினியர், மேஸ்திரி, அவருக்குக் கீழே கொத்தனார், பெரியாள், சித்தாள். தனித்தனியாக வந்து போகும் கம்பி கட்டுபவர்கள், கான்கிரீட்டைத் தாங்கப் பலகையும் முட்டும் அடிக்கும் சென்ட்ரிங் ஆட்கள், எலக்ட்ரீஷியன், பிளம்பர், டைல்ஸ் பதிப்பவர், பெயின்டர், ஆசாரி. சாயங்காலம் சுவருக்குத் தண்ணீர் அடிக்கும் வாட்ச்மேனும் இதில் சேர்த்தி.

இவர்கள் எல்லோரும் ஒரே முதலாளியிடம் சம்பளம் வாங்குவதில்லை. பலர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததுகூட இருக்காது. கம்பி கட்டியவர் போன பிறகு எலக்ட்ரீஷியன் வருவார், அவர் போன பிறகு கான்கிரீட் ஆட்கள் வருவார்கள். நான் பார்த்தவரை, சைட்டில் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி இப்படி ஒரு வேலை ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு மாறும் இடத்தில்தான் முளைக்கிறது. அந்தக் கைமாற்றத்தைக் கவனிப்பதைத்தான் டீம் நடத்துவது என்று நான் நினைக்கிறேன். கீழே பல பதில்கள் இதற்கே திரும்பி வரும்.

"எத்தனை ஆள் வேணும்னு எப்படிக் கணக்குப் போடறது?"

ஆள் எண்ணிக்கையை விட்டுவிட்டு, இடத்திலிருந்து தொடங்குங்கள். அடுத்த இரண்டு வாரத்தில் எந்தெந்த இடம் வேலைக்குத் தயாராக இருக்கும், அங்கே எத்தனை பேர் நின்று வேலை செய்ய முடியும் என்று எழுதுங்கள். இரண்டு பேர் மட்டும் நிற்கக்கூடிய குளியலறையில் நான்கு பேரை விட்டால் வேலை வேகமாகப் போகாது, கூலிதான் கூடும்.

கொத்தனாருக்குத் துணையாள் எத்தனை என்பது மாடிக்கு மாடி மாறும். தரைத்தளத்தில் சமாளித்த சித்தாள்கள் மூன்றாவது மாடிக்குப் போதமாட்டார்கள். கல்லும் கலவையும் சுமந்து ஏறும் தூரம் கூடிவிடுகிறது. கொத்தனார் கலவைக்காகக் காத்து உட்கார்ந்திருக்கிறார் என்றால் அவரைத் திட்டுவதில் பயனில்லை. கீழே ஆள் குறைவு என்று அர்த்தம்.

"நல்ல மேஸ்திரின்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

அவர் முடித்துக் கொடுத்த வீட்டைப் பார்க்காதீர்கள். பெயின்ட் அடித்த பிறகு எல்லா வீடும் அழகாகத்தான் இருக்கும். இப்போது நடந்துகொண்டிருக்கும் சைட்டுக்குச் சொல்லாமல் போய்ப் பாருங்கள். தூண்களில் சாக்கு ஈரமாக இருக்கிறதா, கம்பிக்குக் கீழே கவர் பிளாக் (கம்பியைப் பலகையில் ஒட்டாமல் தூக்கி நிறுத்தும் சிறு கட்டை) வைத்திருக்கிறாரா அல்லது ஜல்லியைச் செருகியிருக்கிறாரா, ஆணியோடு கிடக்கும் பலகையை ஓரமாக எடுத்துப் போட்டிருக்கிறாரா என்று கவனியுங்கள்.

அப்புறம், அவரிடம் வேலை செய்பவர்களிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். எத்தனை வருஷமாக இவரோடு இருக்கிறீர்கள்? சனிக்கிழமை சம்பளம் சரியாக வருகிறதா? ஐந்தாறு வருஷமாக அதே ஆட்களை வைத்திருப்பவர் கொஞ்சம் அதிகக் கூலி கேட்டாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பேச்சு இன்னொருவருக்குப் புரிகிற கூட்டம் அது. புதிதாகச் சேர்த்தால் அந்தப் பழக்கம் வரவே இரண்டு மூன்று மாதம் ஆகும்.

"தினக்கூலி நல்லதா, சதுர அடிக் கணக்குல விடறது நல்லதா?"

இரண்டிலும் நன்மை உண்டு. ஆனால் ஒவ்வொன்றும் ஆட்களை ஒவ்வொரு பக்கம் இழுக்கும். தினக்கூலியில் நிதானம் இருக்கும், வேலை நீளும். சதுர அடிக் கணக்கில் வேகம் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத வேலைகள் விட்டுப்போகும். நீராற்றுவது (கான்கிரீட்டும் சுவரும் இறுகும்வரை ஈரமாக வைத்திருப்பது), பூச்சுக்கு முன் சுவரைக் கொத்தி நனைப்பது, குப்பை அள்ளுவது எல்லாம் அந்த வகை.

நான் சுவரையும் பூச்சையும் அளவுக் கணக்கில் விடுகிறேன். குளியலறை நீர்க்கசிவுத் தடுப்பு, படிக்கட்டு, விளிம்பு வேலை போன்றவற்றைத் தினக்கூலியில் வைத்துக்கொள்கிறேன். எந்த முறையானாலும் நீராற்றும் பொறுப்பை யாராவது ஒருவர் பெயருக்கு எழுதி, அதற்கெனத் தனியாகக் கூலி கொடுங்கள். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456:2000 விதிப்படி சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட் கான்கிரீட்டுக்குக் குறைந்தது 7 நாள், வறண்ட வெயில் காலத்தில் 10 நாள் நீராற்ற வேண்டும். கலப்பு சிமென்ட் என்றால் இன்னும் நீட்ட வேண்டும். கூலி இல்லாத வேலையை 10 நாள் யாரும் செய்ய மாட்டார்கள்.

"தினமும் மீட்டிங் போட்டா வேலை கெடாதா?"

பத்து நிமிடம் போதும். காலையில் ஆட்கள் வந்ததும் நின்றபடியே பேசிவிடலாம். இன்று யார் எங்கே, எந்தப் பொருள் வரவில்லை, எந்த இடத்தில் ஆபத்து என்ற மூன்று விஷயங்கள்தான். உட்கார்ந்து பேச வேண்டியது சனிக்கிழமை சாயங்காலம், அடுத்த வாரத் திட்டத்துக்காக.

அந்த வாரக் கூட்டத்தில் திட்டத்தை நீங்கள் படித்துக் காட்டாதீர்கள். ஒவ்வொரு மேஸ்திரியும் தன் வாயால் எதை முடிப்பேன் என்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் கிளென் பல்லார்ட், கிரெக் ஹோவெல் என்ற இருவர் 1990களில் கட்டுமான சைட்டுகளை ஆராய்ந்தபோது, அந்த வாரம் முடிப்பதாகச் சொன்ன வேலைகளில் ஏறக்குறைய பாதிதான் முடிந்திருந்தன. சோம்பேறித்தனத்தை அவர்கள் காரணமாகச் சொல்லவில்லை. முந்தைய வேலை முடியாமல், பொருள் வராமல், வரைபடம் தெளிவாகாமல் இருக்கும்போதே திட்டத்தில் எழுதிவிடுகிறார்கள் என்பதுதான் அவர்கள் கண்டது. வேலையைக் கடைசியாகத் திட்டமிடுபவர் அதைச் செய்விக்கும் மேஸ்திரிதான், அவர் முடியாது என்று சொன்னால் அதைத் திட்டத்தில் ஏற்றக்கூடாது என்பது அவர்கள் உருவாக்கிய முறையின் உயிர்நாடி.

இதைச் செய்ய ஒரு நோட்டுப் புத்தகம் போதும். சொன்னவை எத்தனை, முடிந்தவை எத்தனை, முடியாததற்குக் காரணம் என்ன என்று வாராவாரம் எழுதுங்கள். இரண்டு மாதம் எழுதினால் எந்தக் கைமாற்றத்தில் சைட் சிக்குகிறது என்று அந்த நோட்டே காட்டிவிடும். காரணத்தைக் கேட்கும்போது குரலை உயர்த்தாதீர்கள். உயர்த்தினால் அடுத்த வாரத்திலிருந்து எல்லோரும் "முடிஞ்சுரும் சார்" என்றே சொல்வார்கள்.

"தளம் போடற அன்னிக்கு மட்டும் ஏன் எப்பவும் சண்டை வருது?"

எல்லாக் கைமாற்றமும் அன்று ஒரே நாளில் வந்து சேர்வதால். சென்ட்ரிங், கம்பி, மின்குழாய், பிளம்பிங் துளைகள், ஆலையிலேயே கலந்து வரும் ரெடி மிக்ஸ் கான்கிரீட் லாரி, பம்ப், வைப்ரேட்டர், பணம், மழை எல்லாம் ஒரே காலையில். தவறினால் திருத்த முடியாது என்ற பயம் எல்லோருக்கும் இருக்கும், அது கோபமாக வெளியே வரும்.

ஒரு சைட்டில் மழை வரும் போலிருந்ததால் தளம் போடும் நாளை ஒரு நாள் முன்னே இழுத்தேன். ரெடி மிக்ஸ் ஆலைக்குச் சொன்னேன், கம்பி ஆட்களுக்குச் சொன்னேன். எலக்ட்ரீஷியனுக்குச் சொல்ல விட்டுப்போனது. ஒரு படுக்கையறைக்குக் குழாய் பதிக்காமலே கான்கிரீட் விழுந்துவிட்டது. பிறகு தளத்தின் அடியில் குழாய் ஓட்டி, அதை மறைக்க உரிமையாளர் செலவில்லாமல் பொய்க்கூரை போட்டுக் கொடுத்தோம். அந்த எலக்ட்ரீஷியன் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "ஒரு போன் போட்டிருந்தா ராத்திரியே வந்து முடிச்சிருப்பேனே சார்." அவர் நிச்சயம் வந்திருப்பார்.

அதிலிருந்து ஒரு தாள் வைத்திருக்கிறேன். சென்ட்ரிங் மேஸ்திரி, கம்பி மேஸ்திரி, எலக்ட்ரீஷியன், பிளம்பர், சைட் இன்ஜினியர் ஐந்து பேரும் தளத்தின் மேல் ஒன்றாக நடந்து பார்த்து, முதல் நாள் மாலை 4 மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். ஐந்து கையெழுத்தும் விழுந்த பிறகுதான் ரெடி மிக்ஸ் ஆர்டரை உறுதி செய்வேன். லாரியில் ஏற்றிய கான்கிரீட்டை 2 மணி நேரத்துக்குள் இறக்க வேண்டும் என்பது பொது விதி. லாரி வாசலில் நிற்கும்போது கம்பியைச் சரிபார்க்கத் தொடங்கினால் யாரும் ஒழுங்காகப் பார்க்க மாட்டார்கள். தேதி மாறினால் ஐந்து பேருக்கும் போனில் பேசிச் சொல்ல வேண்டும், வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டேன் என்பது கணக்கில் வராது.

"ஓனர் நேரா வந்து மேஸ்திரிகிட்ட ஜன்னலை மாத்தச் சொல்லிட்டுப் போயிடறார். என்ன செய்ய?"

வீடு அவருடையது, மாற்றக் கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு. வாழ்நாள் சேமிப்பைப் போட்டுக் கட்டுகிறவரை நாம் தொல்லையாக நினைக்கக் கூடாது. ஆனால் மாற்றம் ஒரே வாசல் வழியாக உள்ளே வர வேண்டும். முதல் நாளே உரிமையாளரிடம் உட்கார்ந்து, எந்த மாற்றமும் சைட் இன்ஜினியர் வழியாக, எழுத்தில், செலவும் நாளும் குறித்த பிறகுதான் என்று பேசிக்கொள்ளுங்கள். மேஸ்திரிக்கும் ஒரு வரி சொல்லிக்கொடுங்கள்: "சரிங்கய்யா, இன்ஜினியர்கிட்ட எழுதிக் குடுத்துடுங்க, நாளைக்கே செஞ்சுடறேன்." மரியாதையும் கெடாது, வேலையும் குழம்பாது.

ஜன்னலைத் தள்ளினால் அதன் மேல் வரும் கான்கிரீட் சட்டமான லிண்டல் மாறும், ஸ்விட்ச் பெட்டி மாறும். அதை அறிய வேண்டியவர்கள் யார் யார் என்று மேலே சொன்ன ஐந்து பேர் பட்டியலைப் பார்த்துத் தகவல் சொல்லிவிடுங்கள்.

"எனக்கு 23 வயசு. மேஸ்திரிக்கு என் வயசைவிட அனுபவம் அதிகம். எப்படி வேலை வாங்கறது?"

முதலில் அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். தூக்குக் குண்டு பிடிப்பதை, ரசமட்டம் பார்ப்பதை அவர் கையால் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அண்ணா என்றே கூப்பிடுங்கள். எல்லோர் முன்னாலும் அவரைத் திருத்தாதீர்கள், தனியே அழைத்துச் சொல்லுங்கள். அதே சமயம் வரைபடம், கம்பி இடைவெளி, கலவை விகிதம், பாதுகாப்பு ஆகியவற்றில் விட்டுக்கொடுக்காதீர்கள். "அண்ணா, நீங்க சொல்ற மாதிரி செஞ்சா வேகமா முடியும், ஆனா கையெழுத்துப் போடறவன் நான்" என்று அமைதியாகச் சொன்னால் அவருக்குப் புரியும்.

பெண் பொறியாளர்கள் இதே கேள்வியைக் கூடுதல் வருத்தத்தோடு கேட்கிறார்கள். தங்கள் சொல்லை மேஸ்திரி கேட்காமல், பக்கத்தில் நிற்கும் ஆண் உதவியாளரைப் பார்த்துப் பதில் சொல்கிறார் என்கிறார்கள். அங்கே பொறுப்பு மேலே இருப்பவருடையது. ஒப்பந்ததாரர் முதல் நாளே எல்லோர் முன்னிலையிலும், இந்த சைட்டில் முடிவு இவருடையது என்று அறிவிக்க வேண்டும். யாராவது அவரைத் தாண்டித் தன்னிடம் வந்தால், மேடத்தைக் கேளுங்கள் என்று திருப்பி அனுப்ப வேண்டும். மூன்று முறை திருப்பி அனுப்பினால் நான்காவது முறை வரமாட்டார்கள்.

"எனக்கு ஹிந்தி தெரியாது. பாதி ஆளுங்க பீகார், ஒடிசா, வங்காளம்…"

முதலில், அவர்கள் எல்லோருக்கும் தாய்மொழி ஹிந்தி என்று நினைக்காதீர்கள். ஒடியாவும் வங்காளமும் போஜ்புரியும் பேசுகிறவர்கள் அவர்கள். இருபது சொற்கள் போதும்: நிறுத்து என்பதற்கு "ருக்கோ", மேலே "ஊபர்", கீழே "நீச்சே", ஆபத்து "கத்ரா". மற்றதைச் சுவரில் சாக்பீஸால் வரைந்து காட்டலாம். ஒரு சதுர மீட்டர் பூச்சையோ ஒரு வரிசைக் கல்லையோ மாதிரியாகச் செய்து வைத்து, இதுபோல் வேண்டும் என்றால் மொழியே தேவையில்லை.

கூலியை அவர்களை அழைத்துவந்த தலைவர் கையில் மொத்தமாகக் கொடுக்காமல் ஒவ்வொருவர் கணக்கிலும் போடுங்கள். தங்கும் கொட்டகைக்குள் ஒருமுறை போய்ப் பாருங்கள், கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, மின்விசிறி ஓடுகிறதா என்று. ஊர் ரேஷன் அட்டை இருந்தால் ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டத்தில் இங்கேயே பொருள் வாங்கலாம் என்பது பலருக்குத் தெரியாது, சொல்லிக்கொடுங்கள். வீட்டை விட்டு இவ்வளவு தூரம் வந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். "ஏய் ஹிந்திக்காரா" என்று கூப்பிடும் சைட்டில் நான் வேலை பார்க்க மாட்டேன்.

"சித்தாள் வேலைக்கு வர்ற அம்மாக்களுக்குத் தனியா என்ன செய்யணும்?"

கதவும் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள தனிக் கழிப்பறை. இது அடித்தளம் தோண்டும் முன்பே தயாராக வேண்டும். கழிப்பறை இல்லாத சைட்டில் தண்ணீர் குடிக்காமலே நாள் முழுக்க வெயிலில் கல் சுமக்கும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் கூலி. ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் சமக் கூலி என்று 1976லேயே சட்டம் வந்துவிட்டது. பல சைட்டுகளில் இன்னும் அது நடப்பதில்லை. கொத்தனார் வேலை கற்க ஆசைப்படும் பெண்ணிடம் கரண்டியைக் கொடுங்கள்.

"ஹெல்மெட் போடுங்கன்னா கேக்கவே மாட்டேங்கிறாங்க."

நீங்கள் போட்டுக்கொண்டு நில்லுங்கள். உரிமையாளர் வந்தாலும் ஒன்றைக் கையில் கொடுங்கள். ஆனால் ஹெல்மெட்டை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். மாடி விளிம்பில் தடுப்புக் கட்டுவது, லிஃப்ட் குழியை மூடுவது, சாரத்தைத் தினமும் ஆட்டிப் பார்ப்பது, தற்காலிக மின்பலகையில் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் போடுவது எல்லாம் நம் வேலை. தொழிலாளி கவனமாக இருந்தால் போதும் என்று சொல்வதற்கு முன் இவற்றை முடித்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர்களுக்கு 1994 முதல் நல வாரியம் இருக்கிறது. பிள்ளைகள் படிப்பு, விபத்து உதவி, ஓய்வூதியம் என்று பல உதவிகள் அதில் உண்டு. பதிவு செய்யாதவர்களை அழைத்துப் பதிவு செய்ய வையுங்கள், அரைநாள் கூலியோடு அனுப்புங்கள்.

"பாதி வேலையில ஆளுங்க ஊருக்குப் போயிடறாங்க. எப்படித் தடுக்கறது?"

தடுக்காதீர்கள், திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். பொங்கலுக்கு நம் ஊர் ஆட்கள் இருக்க மாட்டார்கள். தீபாவளி முடிந்த ஆறாம் நாள் வரும் சட் பூஜைக்குப் பீகார்க்காரர்களும், மார்ச்சில் ஹோலிக்கு வடக்கே பலரும் போவார்கள். துர்கா பூஜைக்கு வங்காளிகள் போவார்கள். தளம் போடும் தேதியை இந்த நாட்களுக்கு அருகில் வைத்துவிட்டு ஆள் ஓடிவிட்டார்கள் என்று புலம்புவது நியாயமில்லை. பெரிய அட்வான்ஸ் கொடுத்துக் கட்டிப்போடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். கடனில் நிற்பவர் மனம் வேலையில் இருக்காது. சம்பளம் வாங்கிக்கொண்டு போனவர்தான் திரும்பி வருவார்.

"நல்ல வேலைக்காரர்தான், ஆனா குடிச்சுட்டு வர்றார்."

அன்று சாரம் ஏற விடாதீர்கள், கீழ் வேலையும் கொடுக்காதீர்கள், வீட்டுக்கு அனுப்புங்கள். எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்த வேண்டாம். மறுநாள் தெளிவாக இருக்கும்போது பேசுங்கள். திறமைக்காக ஒருவருக்கு விதியைத் தளர்த்தினால் மற்ற எல்லோருக்கும் அந்த விதி செத்துப்போகும்.

"தப்பு நடந்தா மறைச்சுடறாங்க, பூசின பிறகுதான் தெரியுது."

தவறைச் சொன்னவருக்கு என்ன நடந்தது என்று மற்றவர்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். தூணில் தேன்கூடு போல ஓட்டை விழுந்திருக்கிறது என்று தானாக வந்து சொன்ன கொத்தனாரின் கூலியைப் பிடித்தால், அடுத்த தூணில் அவரே கலவை பூசி மூடிவிடுவார். நான் ஒரு விதி வைத்திருக்கிறேன். தானாகச் சொன்னால் திருத்தும் செலவு என்னுடையது, மறைத்ததைக் கண்டுபிடித்தால் செலவு அவருடையது. இதை முதல் வாரமே சொல்லிவிட வேண்டும்.

"தளத்தைத் தாங்குற முட்டுகளைச் சீக்கிரம் பிரிக்கச் சொல்லி மேல இருந்து நெருக்கினா, நான் என்ன செய்ய முடியும்?"

இதுதான் கேட்கப்படுவதில் கடினமான கேள்வி. ஐ.எஸ். 456 சொல்லும் குறைந்தபட்ச நாட்கள் இவை: தாங்கும் இடங்களுக்கு இடையே 4.5 மீட்டர் வரை நீளும் தளத்துக்கு முட்டு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். இதுவும் சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட்டுக்குத்தான். இந்த எண்களை முதல் நாளே அலுவலகச் சுவரில் ஒட்டி, ஒவ்வொரு தளத்துக்கும் பிரிக்கும் தேதியைச் சுண்ணாம்பால் தூணிலேயே எழுதிவிடுங்கள். அப்போது நெருக்குகிறவர் உங்களோடு வாதாட முடியாது, தூணில் இருக்கும் தேதியோடுதான் வாதாட வேண்டும். சீக்கிரம் பிரித்தே ஆக வேண்டும் என்றால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் எழுத்துப்பூர்வ அனுமதியைக் கேளுங்கள்.

2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். மழைக்கு ஒதுங்கிய தொழிலாளர்கள், ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலை தேடி வந்தவர்கள் அதில் இருந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று என் சைட்டில் எல்லோரையும் கூப்பிட்டு, எந்தச் சித்தாளுக்கும் விரிசலோ வளைவோ கண்ணில் பட்டால் வேலையை நிறுத்தச் சொல்லும் உரிமை உண்டு என்று சொன்னேன். பத்து முறை தேவையில்லாமல் நிறுத்தினாலும் கூலி பிடிக்க மாட்டேன் என்றேன். இதுவரை நான்கு முறை நிறுத்தியிருக்கிறார்கள். ஒருமுறை ஒரு முட்டு ஈர மண்ணில் இறங்கியிருந்ததை முதலில் பார்த்தது தண்ணீர் கொண்டுவந்த ஒரு அம்மா.

"கடைசி பத்து சதவீத வேலையில எல்லாரும் காணாமப் போயிடறாங்களே?"

அந்தச் சில்லறை வேலைகளில் கூலி குறைவு, திட்டு அதிகம். சுவிட்ச் தட்டைச் சரிசெய்ய எலக்ட்ரீஷியனை மூன்று முறை வரச் சொன்னால் மூன்று நாள் வருமானம் அவருக்குப் போகிறது. அதனால் பாக்கி வேலைகளை அறைவாரியாக ஒரே பட்டியலாக எழுதி, எல்லாத் தொழில்காரர்களையும் ஒரே நாளில் வரவழைத்து, அன்று முழுக் கூலி கொடுங்கள். பில்லில் ஒரு சிறு பகுதியை அதுவரை நிறுத்தி வைக்கலாம், ஆனால் எந்த வேலை முடிந்தால் எந்தத் தேதிக்குள் தருவோம் என்று முன்பே எழுதிக் கொடுத்து, அந்தத் தேதியில் கொடுத்துவிட வேண்டும்.

பட்டியல் முடிந்த அன்று வேலை செய்த எல்லோரையும் வீட்டுக்குள் அழைத்துச் சுற்றிக் காட்டச் சொல்லி உரிமையாளரிடம் நான் கேட்பதுண்டு. அடித்தளம் போட்டவர்களில் பலர் அந்த வீட்டை முழுதாகப் பார்த்தே இருக்க மாட்டார்கள். கிரகப்பிரவேசச் சாப்பாட்டுக்கும் அவர்களைக் கூப்பிடும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். அந்த வீடுகளில் பின்னால் ஒரு குழாய் கசிந்தாலும் பிளம்பர் அன்றைக்கே வந்து நிற்பார்.